நிறம் நிற்கும் துளி

பரதராமிச் சோதனைச் சாவடிக்கு இப்பால்
கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உரக்கிடங்கு.
மூன்று நாளைக்கு அதுதான் என் ஆய்வகம்.
கழுவித் துடைத்தும் யூரியா நெடி போகவில்லை.
தராசு, பியூரெட், கால் ஆடும் மேசை,
மூன்று கூடைகள்.

முதல் கூடை பகவா.
எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஆறு ஏக்கர்,
முனிரத்தினம் நாயுடுவின் சொட்டுநீர்த் தோட்டம்.
பழம் ஒன்று முந்நூற்றுப் பத்து கிராம்.
"தானிம்மலோ ராஜா, மேடம்" என்கிறார்.
படிவத்தில் ராஜாவுக்குக் கட்டம் இல்லை.

இரண்டாவது கணேஷ்.
மெத்தென்ற விதை. வெளிறிய ரோஜா நிறம்.
எட்டாம் பழம் உள்ளே கறுத்திருந்தது.
எடையில் சேர்த்தேன்,
பிறகு அடித்தேன்.

மூன்றாவது
கமருன்னிசா வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
யாரும் வைக்காமல் முளைத்த மரம்.
தையல் மெஷினை நிறுத்தாமலே
தாடையால் காட்டினாள்: பறிச்சுக்கோ.
வெடித்த தோல், அதன் விளிம்பில் எறும்பு,
நூற்று நாற்பது கிராம் தேறினால் அதிகம்.
உள்ளே ஊறவைத்த ஜவ்வரிசி.

உள்ளூர்ப் பெயர் என்ன என்று கேட்கிறது படிவம்.
தெல்ல தானிம்ம என்றார் நாயுடு.
சஃபேத் அனார் என்றாள் கமருன்னிசா.
அந்தப் பல்லுப் பழமா என்றார் சாவடிக் காவலர்.

இனிப்பு அளந்தேன்.
பகவா பதினாறு, கணேஷ் பதினைந்து சொச்சம்,
வெள்ளைக்குப் பதின்மூன்றரை.

புளிப்புக்குத்தான் பகலெல்லாம் போனது.
சாற்றில் காரத்தைச் சொட்டுச் சொட்டாய் விட்டு
இளஞ்சிவப்பு வரும் துளியில் நிறுத்த வேண்டும்.
பகவாவோ ஏற்கெனவே சிவப்பு.
சிவப்புக்குள் சிவப்பைத் தேடுவது
ஆற்றில் கரைத்த புளிக்குக் கணக்குக் கேட்பது.
பத்து மடங்கு நீர் ஊற்றினேன்,
பின்னால் வெள்ளைத் தாள் பிடித்தேன்,
மூன்று தடவைக்கு மூன்று விடை.

பெயரில்லாத பழத்துக்கு
ஒரு துளி.
குடுவை முழுக்க நிறம் ஏறி
அரை நிமிடம் கலையாமல் நின்றது.
கேட்டதும் சொல்லிவிடுகிற சாறு.

சுவைக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண்.
அரசாங்கக் காகிதம் என்று பயந்து
காவலர் மூன்றுக்கும் ஒன்பது போட்டார்.
பலமநேர் லாரிக்காரர் வாயில் வெற்றிலை; தள்ளுபடி.
அவருடைய கிளீனர் பையன் வெள்ளைக்கு ஏழு போட்டு
"இது எந்தக் கடையிலக்கா?" என்றான்.
எந்தக் கடையிலும் இல்லை என்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இன்னொன்று, இது படிவத்துக்கு வெளியே.
போன மாதம் சுகாதார நிலையத்தில் விரலைக் குத்தி
எட்டு புள்ளி நான்கு என்று எழுதினார்கள்.
"மாதுளை சாப்பிடும்மா, சிவப்பாப் பாத்து வாங்கு,
ரத்தம் ஊறும்."
கிலோ இருநூறு. நாலு வாரம் வாங்கினேன்.
நேற்று வேலூரிலிருந்து அட்டவணை வந்தது:
இரும்புக் கட்டத்தில் மூன்றுக்கும் ஏறக்குறைய
ஒரே சொற்பம்.
நிறமியில் பகவா முதலிடம், அது நியாயம்.
ஆனால் சிவப்பு ரத்தம் இல்லை.
சிவப்பு
சிவப்புதான்.

மூன்று பெயரையும் நெருக்கி எழுதி அனுப்பினேன்.
ஒரு பெயர் மட்டும், பன்னிரண்டு எழுத்துக்குள்
என்று திரும்பி வந்திருக்கிறது.

இரவு ஒன்பது மணி.
ஆந்திரா பக்கம் மின்சாரம் போய்விட்டது, இங்கே இருக்கிறது.
சுகாதார நிலையம் கொடுத்த இரும்பு மாத்திரையை,
ஒரு மாதமாகப் பிரிக்காத அட்டையிலிருந்து கிள்ளி,
மிச்சமிருந்த வெள்ளைச் சாற்றோடு விழுங்குகிறேன்.
கொஞ்சம் புளிப்பு இருந்தால்
இரும்பு உள்ளே இறங்குமாம்.

விதை கடினம். கடினத்துக்கும் ஒரு கட்டம் உண்டு.
எழுதுவதற்கு முன்
கடைவாயில் சிக்கியதை
நாக்கால் நெம்பிக்கொண்டிருக்கிறேன்.